விளக்குச் சாவடியைக் காப்பாற்றியவர்

இடிக்கிறவர்களை நமக்குத் தெரியும். கட்டுகிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. சிற்றூர் என்றால் ஊருக்கு ஒருவர், கோயில் ஊர் என்றால் தெருவுக்கு ஒருவர் என்று நாடெங்கும் பரவியிருக்கிற இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைக்காதது நம்முடைய கவனக்குறைவுதான். இப்போது வைத்துவிடுவோம். காப்பாற்றியவர்.

என்றோ ஒரு நாள், ஏதோ ஒன்றை, அழிவிலிருந்து காப்பாற்றிவிட்டு, அந்த நிமிஷத்திலிருந்து அதை மனிதர்களிடமிருந்து காப்பாற்றத் தொடங்குகிறவர் இவர். குளத்தைத் தூர்க்கவிடாமல் தடுத்தவர், யாராவது அதில் கால் நனைத்தால் கரையில் நின்று கத்துவார். மரத்தை வெட்டவிடாமல் தடுத்தவர், நிழலில் உட்காருகிறவர்களை முறைப்பார். வாசகசாலையைக் காப்பாற்றியவரிடம் மட்டும் நீங்கள் அகப்பட்டுக்கொண்டால், இந்த ஜன்மத்தில் ஒரு புத்தகம் படித்துவிட முடியாது. இவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. கெட்டவர்களாக இருந்தால் எதிர்த்து இரண்டு வார்த்தை பேசிவிடலாமே. நல்லவர்கள். அதுதான் சங்கடம்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்தில், தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில், விறகுத்தொட்டி வைத்திருந்த கண்ணாயிரம். அவருடைய தகப்பனார் நெய்தவர், அவர் நெய்யவில்லை. கனத்த குரல், வெளுத்த சட்டை, சட்டைப் பையில் மை இல்லாத ஒரு பேனா. தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சுடுகாட்டுக்குப் போகும் முதல் வண்டி விறகு அவருடையதாக இருக்கும். அதற்கு அவர் விலை கேட்டதில்லை. இப்படிப்பட்டவரைக் கேலி செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

அவர் காப்பாற்றியது விளக்குச் சாவடியை.

தெருமுனையில் இருந்த அந்தக் கட்டடம் பார்ப்பதற்கு ரயில் பெட்டி மாதிரி இருக்கும். அகலமில்லை, நீளம்தான். இந்தக் கோடியில் ஒரு பெரிய கதவு, அந்தக் கோடியில் ஒரு பெரிய கதவு. தெருவிளக்குகள் மண்ணெண்ணெயில் எரிந்த காலத்தில் விளக்குகளையும், எண்ணெய்ப் பீப்பாய்களையும், விளக்கேற்றுகிறவர்கள் தோளில் சுமந்து போகும் ஏணிகளையும் வைப்பதற்காக முனிசிபாலிட்டி கட்டியது; அந்த ஏணிகளுக்காகத்தான் அத்தனை நீளம். மின்சாரக் கம்பங்கள் வந்தன. ஏணிகளைக் கறையான் தின்றது. ஒரு கட்டடம் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காத முனிசிபாலிட்டி, அதை இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவது என்று முடிவு செய்து, செவிலிமேட்டிலிருந்து ஆள் பிடித்து, ஒரு நாள் காலையில் கடப்பாரைகளோடு அனுப்பிவைத்தது.

அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பிறகு அது கிடைக்காது.

அன்று தெருவில் பாவு. புடவையின் நீளவாட்டு இழைகளையெல்லாம் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கம்புகளின் மேல் நிறுத்தி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, உலரவிடுவது அந்தத் தெருவின் காலை வேலை. இழுத்துக் கட்டிய பாவை யாரும் தாண்ட மாட்டார்கள். விளையாடுகிற குழந்தை தாண்டாது. கல்யாண ஊர்வலம் சுற்றிக்கொண்டு போகும். தலைபோகிற அவசரமென்றால் குனிந்து அடியில் நுழைந்து போவதுண்டு. அதுவும் பாவுக்குரியவர் சரியென்று சொன்னால். அன்றைய பாவு சம்பூர்ணத்தினுடையது. அவள் புருஷன் தறிக்குழியில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனிதர். தறிக்கு வெளியே உள்ள வேலையெல்லாம் அவளுடையது. பாவின் ஒரு முனை சாவடிக் கதவுக்கு நேர் குறுக்கே போயிருந்தது; மறுகோடிக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"கொஞ்சம் அவுத்துக்கம்மா, உள்ள போவணும்," என்றார் மேஸ்திரி.

"கஞ்சி காயுது. இப்ப அவுத்தா இந்தப் பட்டு எனக்கும் ஆவாது, உனக்கும் ஆவாது. செத்த குந்துபா."

மேஸ்திரி குந்தினார். ஆட்களும் கடப்பாரைகளைச் சாய்த்துவிட்டுக் குந்தினார்கள். அவள் பாவு காய்ந்து எழுந்ததும் அடுத்த வீட்டுப் பாவு வந்து அதே இடத்தில் படுத்தது. அதற்கடுத்து எதிர்வீட்டுப் பாவு. யாரும் யாரிடமும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை; அன்றைக்கு எல்லோருக்கும் சாவடி வாசல்தான் வசதியாக இருந்தது. வெயில் ஏறியது. அந்த நேரத்தில்தான் கண்ணாயிரம் வீட்டிலிருந்து வெளியே வந்தார். வாய் நிறையப் பல்பொடி நுரை. என்ன கூட்டம் என்று கேட்க வேண்டும். கேட்க வாய் இல்லை. துப்ப இடம் தேடிக்கொண்டே, 'இருங்கள், வந்துவிடுகிறேன்' என்ற அர்த்தத்தில் வலது கையை உயர்த்தினார். சரியாக அப்போது முனிசிபாலிட்டி அதிகாரி சைக்கிளிலிருந்து இறங்கினார். அவர் கண்ணில் பட்டது, தெரு நிறைய ஜனம். ஜனத்துக்கு முன்னால், வாயில் நுரை தள்ள, கை உயர்த்திய ஒரு மனிதர்.

அதிகாரி பயந்துவிட்டார். சாவடி பிழைத்தது.

கொஞ்ச நாளில், 'தெருவாசிகளின் பொது உபயோகத்துக்கு' என்று சொல்லி அதைத் தெருவுக்கே விட்டுக்கொடுத்தார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது? அதிகாரிக்கு அந்தத் தெருவில் தெரிந்தது ஒரே ஒரு கைதான். அதில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே கண்ணாயிரம் கதை சொல்லத் தொடங்கினார். முதல் தடவை சொன்னபோது பாவு இருந்தது, சம்பூர்ணம் இருந்தாள், பெண்கள் இருந்தார்கள், கையும் இருந்தது. சில மாதங்களில், "பொம்பளைங்க எல்லாம் எனக்குப் பின்னால நின்னாங்க" என்றாயிற்று. அதற்கப்புறம் பாவு, "தெருவுல ஏதோ நூலு கெடந்தது" என்றாயிற்று. பிறகு நூலும் இல்லை. சொல்லச் சொல்லப் பாவு சுருங்கியது, கை நீண்டது. தாமலில் ஒரு கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லும்போது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையையே உயர்த்திக் காட்டினார். பக்கத்து இலைக்காரர் மேல் ரசம் தெளித்தது. அவரும் கதைக்கு மரியாதை கொடுத்து மௌனமாகத் துடைத்துக்கொண்டார்.

கண்ணாயிரத்தின் மனைவி தில்லையம்மாள் மட்டும் ஒவ்வொரு தடவையும் முழுக்கக் கேட்டுவிட்டு, "பல்பொடிய வுட்டுட்டீங்களே," என்பாள்.

காப்பாற்றியவர் செய்கிற முதல் காரியம் எது தெரியுமா? பூட்டு மாற்றுவது. கண்ணாயிரம் நேரே கலீமுல்லாவிடம் போனார். கலீமுல்லா கடைத்தெருவில் பூட்டும் தகரப் பெட்டியும் செய்கிறவர். அவருடைய வீடு சாவடிக்கு அடுத்த சந்தில்.

"உள்ள இன்னா வெக்கப்போறீங்க மொதலியாரே?"

"ஒண்ணும் வெக்கப்போறதில்ல பாய்."

"நகை, கிகை?"

"காலியா இருக்குது. சுத்தமா இருக்குது."

"அப்ப எவன் வந்து இன்னாத்த தூக்கிக்கினு போவப்போறான்?"

"அதுக்கில்ல பாய். ஜாக்கிரதை வேணும் இல்ல?"

"சரிதான். உள்ள இருக்கற காத்து வெளிய போயிடாம பாத்துக்கோங்க," என்று சொல்லி, கலீமுல்லா தேங்காய் அளவுக்கு இரண்டு பூட்டுகள் செய்து கொடுத்தார். இரண்டுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியைக் கண்ணாயிரம் அரைஞாணில் கோத்துக்கொண்டார். நடந்தால் அது தொடையில் இடித்தது. உட்கார்ந்தால் குத்தியது. அந்தக் குத்தல் அவருக்குப் பிடித்திருந்தது. தெருவில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு வலி அல்லவா?

அடுத்தது பலகை. 'இது பொதுமக்களின் சொத்து' என்று பெரிய எழுத்தில். கீழே சின்ன எழுத்தில், 'பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது.'

உடனே அவரைச் சர்வாதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். காப்பாற்றியவருக்கு ஜனங்களின் கருத்தில் அபார நம்பிக்கை. சாவடியை என்ன செய்யலாம் என்று தெருவாசிகளிடம் கருத்துக் கேட்க மாதம் தவறாமல் கூட்டம் போட்டார் கண்ணாயிரம். கூட்டம் சாவடிக்கு வெளியே, ரோட்டில், வெயிலில் நடக்கும். உள்ளே நடத்தினால் தரை அழுக்காகிவிடும்.

"எல்லாரும் மனசு வுட்டுப் பேசுங்க. இது உங்க சாவடி," என்று ஆரம்பிப்பார். "பேசி முடிச்சதும் முடிவ நான் சொல்லிடறேன்."

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த வீரபாகு எழுந்தான். "ரீடிங் ரூம் வெக்கலாம் சார். ரெண்டு பேப்பர், ஒரு கேரம் போர்டு. செலவு கூட நாங்களே பாத்துக்கறோம்."

"நல்ல யோசனை," என்றார் கண்ணாயிரம்.

பழகியவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர் 'நல்ல யோசனை' என்று சொன்ன எதுவும் அதற்குப் பிறகு உயிரோடு இருந்ததில்லை.

"பேப்பர் வந்தா கட்சி வரும். கட்சி வந்தா அடிதடி வரும். இதுக்காகவா காப்பாத்துனோம்?"

கலீமுல்லா மெதுவாகச் சொன்னார். "கருட சேவைக்கு வர்ற வெளியூர் ஜனம் புள்ள குட்டியோட ரோட்டுல படுத்துக் கெடக்குது. அப்ப மட்டும் தொறந்து வுட்டா புண்ணியமா போவும்."

"ரொம்ப நல்ல யோசனை பாய். ஆனா வெத்தல எச்ச துப்புவாங்க. செவுரெல்லாம் செவப்பாயிடும். இதுக்காகவா காப்பாத்துனோம்?"

"பின்ன எதுக்குத்தான் சார் காப்பாத்துனோம்?" என்றான் வீரபாகு.

கண்ணாயிரம், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துச் சிரித்தார். "அது தெரியத்தானப்பா மாசா மாசம் கூட்டம் போடறேன்!"

கூட்டம் கலைந்த பிறகு அவர் தனியாகக் கதவைத் திறந்து உள்ளே போய் நிற்பார். "ம்" என்று ஒரு குரல் கொடுப்பார். நீளமான கட்டடம், குரல் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வரும். அவர் காதுக்கு அது, கை தட்டல் மாதிரி இருந்தது. காலியாக இருக்கிற வரைக்கும் பார்க்கிறவர்கள், "இத யாரு காப்பாத்துனது தெரியுமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். யாராவது உள்ளே போய் ஒரு பாயை விரித்துவிட்டால் என்ன ஆகும்? அது பாய் விரித்த இடம் ஆகிவிடும். கையை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? இந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடம் கூடச் சொல்லிக்கொண்டதில்லை. எறும்பு, எச்சில், கட்சி என்று வெவ்வேறு பெயர்களில்தான் அது வெளியே வரும்.

ஐப்பசி வந்தது. அந்த வருஷம் மழை தீபாவளிக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டு, விடுகிற வழியாக இல்லை. தெருவில் பாவு நீட்ட முடியவில்லை. பாவு இல்லாமல் தறி இல்லை. ஒவ்வொரு வீடாகத் தறிச்சத்தம் நின்றுபோக, மழைச்சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. சம்பூர்ணம் வீட்டில் தை முகூர்த்தத்துக்கான அரக்குப் பட்டு, இழை ஓட்டிச் சுருட்டியது சுருட்டியபடி பரணில் இருந்தது. பட்டு கொடுத்த முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். சனிக்கிழமைக்குள் பாவு தறியேற வேண்டும். ஏறாவிட்டால் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஐயம்பேட்டையில் நீளக் கொட்டகை வைத்திருக்கிறவர் நெய்து கொடுத்துவிடுவார். முதலாளி ஒரு தடவை பட்டைத் திருப்பி வாங்கின வீட்டுக்கு மறுபடி பட்டு அனுப்பியதாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

சம்பூர்ணம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாயிரம் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, ஒரு காலைக்கு சாவடியத் தொறந்து வுடுங்க. பாவு நீட்டிக்கினு, மத்தியானத்துக்குள்ள கூட்டிப் பெருக்கி சாவியக் குடுத்துடறேன்."

"நல்ல யோசனைம்மா."

சம்பூர்ணத்தின் முகம் விழுந்தது.

"கஞ்சி சிந்தும். எறும்பு வரும்."

"எறும்பு செவுத்தத் தின்னுடுமா அண்ணே?"

"தின்னாது. ஆனா எடம் பழகிடும். நான் மட்டும் எப்படிம்மா முடிவு பண்றது? பொதுச் சொத்தாச்சே. கூட்டத்துல வெச்சி நாலு பேர் கருத்தக் கேட்டுடலாம்."

"கூட்டம் எப்ப?"

"மழ வுட்டதும்."

"மழ வுட்டுட்டா எனக்கு சாவடி எதுக்குண்ணே?"

நியாயமான கேள்வி. கண்ணாயிரத்துக்கே அப்படித்தான் பட்டது. அவள் நனைந்துகொண்டு திரும்பிப் போனதைப் பார்த்தபோது அவருக்கு மனசு என்னவோ செய்தது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. பாவம், இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார். என்ன செய்யலாம்? மழை விட்டதும் போடுகிற கூட்டத்தை அவசரக் கூட்டமாகப் போடலாம். இப்படி முடிவு செய்ததும் சோறு இறங்கியது.

"என்ன சொல்ற?" என்று தில்லையம்மாளைக் கேட்டார்.

தில்லையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கூட்டம் நடத்தி நடத்திப் படிந்துவிட்ட பழக்கம்.

சனிக்கிழமை விடிந்தது. மழையோ வெள்ளமோ, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைக் கண்ணாயிரம் விட்டதில்லை. சீயக்காய்த் தண்ணீரில் சாவி துருப்பிடிக்கும் என்பதால் அதை அவிழ்த்து ஆணியில் மாட்டுகிற ஒரே சமயமும் அதுதான். பின்கட்டில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். தில்லையம்மாள் வழக்கத்தைவிடத் தாராளமாகத் தலையில் நல்லெண்ணெயை ஊற்றினாள்.

"கண்ண மூடிக்கோங்க, எறங்குது. இன்னிக்கி நல்லா ஊறட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் கண்ணை மூடி ஊறினார். வெகுநேரம் ஊறினார். திடீரென்று மழைச்சத்தத்துக்கு நடுவே தெருமுனையிலிருந்து ஒரு 'கிரீச்' கேட்டது. திறந்து கிடக்கும் சாவடிக் கதவு காற்றில் ஆடினால் கீல் போடுகிற குரல் அது; ஆயிரம் சத்தத்தில் அவருக்குத் தெரியும். கண்ணைத் திறந்தார், எண்ணெய் எரித்தது. ஆணியைப் பார்த்தார், காலி. இடுப்பில் துண்டைச் சுற்றி, வாசலில் மாட்டியிருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை எண்ணெய் வழிய, தெருவே பார்க்க ஓடினார்.

சாவடியின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அரக்குச் சிவப்பில் பாவு. சாவடி எவ்வளவு நீளமென்றாலும் பாவு அதைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் இரண்டு பக்கமும் கதவைத் தாண்டி வெளியே வந்து, கூரை விளிம்புக்குக் கீழே முளையடித்துக் கட்டியிருந்தது. இரண்டு ஓரத்திலும் தெருப் பெண்கள் வரிசையாக நின்று இழை முடிந்துகொண்டிருந்தார்கள். சம்பூர்ணம் கஞ்சி தடவிக்கொண்டு நடந்தாள். வாசலுக்கு அருகில், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தில்லையம்மாள் கம்பு பிடித்து நின்றாள்.

"கதவ மூ..." என்றார் கண்ணாயிரம். மூடினால் பாவு அறுபடும். அது அவருக்கே தெரிந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். உள்ளே போகலாமென்றால் வாசலை அடைத்துக்கொண்டு பாவு. குனிந்து நுழையலாமென்றால் தலை நிறைய எண்ணெய். தாண்டுவதற்குக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை. விறகு விற்றாலும் தறிக்குழி வீட்டில் வளர்ந்த கால் அது. வேறு வழி தெரியாமல், அந்தத் தெரு அறிந்த, தாமல் அறிந்த, முனிசிபாலிட்டியே அறிந்த அந்த வலது கையை உயர்த்தினார்.

"ஐயோ, கை! கை!" என்று ஒரே கூச்சல். "அண்ணே, எண்ணெ சொட்டுது! பட்டு கறையாயிடும்! கைய எறக்குங்க!"

இறக்கினார்.

"அந்தக் கையி எறங்கி இன்னிக்கித்தான் பாக்கறேன்," என்றாள் தில்லையம்மாள்.

சம்பூர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. பாவின் வெளிமுனையில் காற்று திரும்பிச் சாரல் அடிக்கத் தொடங்கியிருந்தது. "அண்ணே, கொடை வெச்சிக்கினு சும்மா நிக்கறீங்களே! இந்த மொனையில புடிங்க. கொஞ்சம் தள்ளி நின்னு. ஆங், மேல படாம. அப்படியே ஆடாம."

கண்ணாயிரம் பிடித்தார். குடை பாவுக்கு, மழை அவருக்கு. எண்ணெயும் மழையுமாக வழிந்துகொண்டு, காலை முழுக்க ஆடாமல் நின்றார். கை வலித்தது. கீழே இறக்க முடியாது. அவர் குரல் ஒன்று மட்டும் போய்ப் போய்த் திரும்பிய அந்த இடத்தில், இப்போது, "ஏண்டி, உம் பக்கம் இழை போவுது பாரு," "நீ உன்னத பாருடி" என்று பத்து வாய் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தது. எதிரொலி அடியோடு போய்விட்டதை அவர் கவனித்தார். வருத்தப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் சாரல் பக்கம் மாறிவிட்டது. குடையைத் திருப்ப வேண்டியிருந்தது.

மத்தியானம் பாவு உலர்ந்து எழுந்தது. விளக்கு வைப்பதற்குள் தறியேறியது. பட்டு ஐயம்பேட்டைக்குப் போகவில்லை. மறுநாள் எதிர்வீட்டுப் பாவு, அதற்கு மறுநாள் அடுத்த வீடு. சாவடிச் சாவி இப்போது சாவடிக் கதவிலேயே ஓர் ஆணியில் தொங்குகிறது; மழைநாளில் யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ அவர்கள் திறந்துகொள்கிறார்கள். சாயங்காலங்களில் வீரபாகு இரண்டு பேப்பர் போட்டிருக்கிறான். எறும்பும் வந்திருக்கிறது.

கண்ணாயிரம் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? காப்பாற்றியவருக்குத் தோல்வி என்பது கிடையாது. கார்த்திகை பிறப்பதற்குள் கதை தயாராகிவிட்டது. "கொட்டற மழ. காத்து அடிக்குது. ஒரே கையில கொடைய புடிச்சி அந்தப் பாவ நான் காப்பாத்துனேன். இதுக்குத்தானய்யா சாவடிய காப்பாத்துனோம்!" எண்ணெய், துண்டு, தில்லையம்மாள் மூன்றும் இன்னும் கதையில் இருக்கின்றன, அடுத்த மழைக்குள் போய்விடும். இப்போதெல்லாம் பாவு நீட்டுகிற காலைகளில் அவர் குடையோடு முதல் ஆளாக வந்துவிடுகிறார். "ஏம்மா, அங்க நிக்காத. இழை மேல மூச்சு படுது. தள்ளு, தள்ளு" என்று அதட்டிக்கொண்டிருக்கிறார். பாவைச் சம்பூர்ணத்திடமிருந்து காப்பாற்றத் தொடங்கிவிட்டார் என்று கேள்வி.

இதையெல்லாம் படிக்கும்போது உங்கள் தெருவில் யாரோ ஒருவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். நியாயம்தான். கண்ணாயிரம் படித்தாலும் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சிரிக்கத்தான் போகிறார். அது போகட்டும். உங்கள் வீட்டுக் கூடத்தில், விருந்தாளிகளுக்கென்று வாங்கி, தூசி படாமல் துணி போர்த்தி, விருந்தாளி வந்ததும் "அதில் வேண்டாம், இப்படிப் பாயில் சௌகரியமாக உட்காருங்கள்" என்று நீங்கள் காத்து வருகிற நாற்காலி ஒன்று இருக்கிறதே, அதில் கடைசியாக யார் உட்கார்ந்தார்கள்?

சும்மா ஒரு கேள்விதான். எதற்கும் இடுப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது குத்துகிறதா?